சாலிம் அலி கையொப்பமிட்ட முதற்பதிப்பு: அதன் மதிப்பை அறிவது எப்படி?

பறவையியலாளர் சாலிம் அலியின் ‘தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்’ 1941இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக வந்தது. இந்தியாவில் பறவை நோக்குதலைப் பொழுதுபோக்காக மேற்கொண்ட பல தலைமுறையினர் முதன்முதலில் கையில் எடுத்த நூல் இதுதான். இதன் பழைய பிரதி ஒன்று, உள்ளே ஆசிரியரின் கையொப்பத்துடன், வீட்டு அலமாரியிலோ பழைய புத்தகக் கடையிலோ கிடைத்துவிட்டால், ‘இது எவ்வளவு பெறும்?’ என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடை காணும் முறையை, பழைய நூல்களுக்குப் புதியவர்களான வாசகர்களுக்காக, இந்த ஒரு நூலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். சதுரங்கம், தபால்தலை சேகரிப்பு, தோட்டக்கலை என வேறு எந்தப் பொழுதுபோக்கைச் சேர்ந்த நூலாக இருந்தாலும் இதே வழியில் செல்லலாம்.

ஒன்றை முதலிலேயே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் கையொப்பத்தில் தொடங்குகிறார்கள். நான் அதை மூன்றாவதாகத்தான் பார்க்கச் சொல்வேன். கையொப்பத்தைக் கண்டு மனம் நிறைந்துவிட்டால், பதிப்பைப் பற்றியும் நூலின் நிலையைப் பற்றியும் கேட்க வேண்டிய கடுமையான கேள்விகளைக் கேட்க மனம் வராது. முதலில் பதிப்பு, அடுத்து நிலை, அதன்பின் கையொப்பம், கடைசியில் விலை என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில்: உண்மையிலேயே முதற்பதிப்பா?

இந்த நூல் 2002இல் பதின்மூன்றாம் பதிப்பைக் கண்டது. முதல் பத்துப் பதிப்புகளில் மட்டுமே 46,000 பிரதிகளுக்கு மேல் விற்றதாகப் பதிவு உள்ளது. ஆகவே நம் வீடுகளில் இருக்கும் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை பிற்காலப் பதிப்புகளே என்று எதிர்பார்த்துத்தான் பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் வரி விடாமல் படியுங்கள். புதியவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘முதற்பதிப்பு 1941’ என்ற வரி பின்னால் வந்த பதிப்புகளிலும் அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று ஆண்டுகளின் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் கடைசி வரிதான் உங்கள் கையிலுள்ள நூலின் பிறப்புச் சான்று. முதல் வரியைப் படம் எடுத்து அனுப்பி ‘1941 பிரதி’ என்று விற்பவர்களிடம் அந்தப் பக்கம் முழுவதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பதிப்பு வேறு, அச்சு வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உள்ளடக்கத்தில் மாற்றம் செய்து புதிதாக வெளியிடுவது புதிய பதிப்பு. அதே உள்ளடக்கத்தை மீண்டும் அச்சடிப்பது மறு அச்சு. சேகரிப்பாளர்கள் தேடுவது முதற்பதிப்பின் முதல் அச்சையே. பிற்கால ஆங்கில, அமெரிக்க நூல்களில் பத்திலிருந்து ஒன்று வரை ஓர் எண் வரிசை அச்சாகியிருப்பதைக் காணலாம். அதில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அந்தப் பிரதி எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். சில பதிப்பகங்கள் இந்த வழக்கத்தைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக் கையாண்டதும் உண்டு. உதாரணமாக, ரேண்டம் ஹவுஸ் நிறுவனம் பல ஆண்டுகள் முதல் அச்சிலேயே எண் வரிசையை இரண்டிலிருந்து தொடங்கியது. எனவே அந்தந்தப் பதிப்பகத்தின் பழக்கத்தை அறியாமல் முடிவு கூறக் கூடாது. 1941ஆம் ஆண்டு பம்பாயில் வெளியான நூலில் எண் வரிசையைத் தேட வேண்டியதில்லை. பக்கங்களின் எண்ணிக்கை, அளவு, படங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பெரிய நூலகங்களின் விவரங்களைத் திரட்டித் தரும் வேர்ல்டுகேட் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

காலத்தைக் காட்டும் சிறு தடயங்கள் இந்த வேலையில் பெரிதும் உதவும். சர்வதேச நூல் எண் (ISBN) 1970ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்த எண் அச்சாகியிருந்தால் அது 1941 பிரதி அன்று. ‘மும்பை’ என்று அச்சாகியிருந்தால் அது 1995இல் நடந்த பெயர் மாற்றத்துக்குப் பிந்தியது. மாறாக, உள்ளட்டையில் புத்தகக் கடைக்காரர் ஒட்டிய சீட்டிலோ பென்சில் குறிப்பிலோ விலை ரூபாய், அணாக் கணக்கில் இருந்தால், அது 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் விற்கப்பட்ட பிரதியாக இருக்க வாய்ப்பு மிகுதி. அத்தகைய சீட்டைத் தயவுசெய்து உரித்துவிடாதீர்கள்.

இரண்டாவது: நூல் எந்த நிலையில் இருக்கிறது?

பொழுதுபோக்கு நூல்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நாவலை நாற்காலியில் அமர்ந்து படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடலாம். பறவை நூலோ தோள்பையில் கிடந்து, வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஈரக் கையால் புரட்டப்பட்டு வாழ்ந்தது. அதனால் இவ்வகை நூல்களில் தேய்மானம் இயல்பு. தேய்மானம் இல்லாத பிரதி அபூர்வம். அந்த அபூர்வத்துக்கு விலை உண்டு.

வண்ணப்படப் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பறவைப் படங்களைக் கத்தரித்துச் சட்டமிடுவதும் பள்ளி ஆல்பத்தில் ஒட்டுவதும் நம்மிடையே இருந்த பழக்கங்கள். ஒரு படத்தாள் குறைந்தாலும் சேகரிப்பாளர் பார்வையில் அது முழுமையற்ற பிரதி. அதன் மதிப்பு சற்றுக் குறைவதோடு நிற்காது, பெரும்பகுதி போய்விடும்.

அடுத்துக் கட்டமைப்பைப் பாருங்கள். இந்தியாவில் பழைய நூல் பிரிந்துவிட்டால் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ துணியும் அட்டையும் போட்டுத் திரும்ப வாங்குவது வழக்கம். பயன்படுத்துவதற்கு அது நல்ல வேலைதான். ஆனால் மூல அட்டை போய்விட்டது, ஓரங்கள் வெட்டப்பட்டுவிட்டன, சில வேளைகளில் கையொப்பத்தின் வால் பகுதியும் வெட்டுக்கத்தியோடு போயிருக்கும். மறுபைண்டிங் செய்த முதற்பதிப்பை, மூல அட்டையோடு கூடிய முதற்பதிப்பின் விலையோடு ஒப்பிடக் கூடாது. அட்டைக்கு மேல் போர்த்திய காகித உறையுடன் வெளிவந்த நூல்களில், அந்த உறை இருப்பதும் இல்லாததும் விலையை அடியோடு மாற்றும். உறையின் உள்மடிப்பில் விலை அச்சான மூலையை யாராவது கத்தரித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கடலோர ஊர்களின் வெப்பமும் ஈரமும் காகிதத்தைச் சும்மா விடுவதில்லை. பழுப்புப் புள்ளிகள், இராமபாணப் பூச்சி துளைத்த சிறு துளைகள், செல்லரித்த ஓரங்கள், ஈரத்தில் அலையலையாக நெளிந்த பக்கங்கள், செல்லோடேப் ஒட்டிய மஞ்சள் தழும்பு, நூலக முத்திரை ஆகிய எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டதற்கான முத்திரை இல்லையென்றால், அந்த நூல் நூலகத்திலிருந்து முறையாக வெளியேறியதா என்று அந்த நூலகத்திடமே கேட்டறிந்த பிறகே விற்பனையைப் பற்றி நினைக்க வேண்டும்.

முன் உரிமையாளரின் குறிப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பறவை நூல்களின் ஓரங்களில், அந்தப் பறவையை எங்கே, எந்த நாளில் பார்த்தார் என்று பலர் எழுதி வைத்திருப்பார்கள். பொன்னுத்தொட்டான் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர்ப்பெயரும் 1950களின் ஒரு தேதியும் மட்டும் இருக்கும். பொதுவான நூல் சேகரிப்பாளர் இதைக் குறை என்று கருதி விலையைக் குறைப்பார். பறவையியலில் ஈடுபாடு கொண்ட சேகரிப்பாளரோ, எழுதியவர் அறியப்பட்ட ஒரு நோக்கர் என்றால், கூடுதல் விலை கொடுக்கக்கூடும். எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் அந்தத் தேதிகளுக்கு அறிவியல் மதிப்பு உண்டு. ஓர் ஏரி ஊராக மாறுவதற்கு முன் அங்கே எந்தப் பறவை இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகலாம். பறவை நோக்கர்கள் தாங்கள் கண்டவற்றைப் பதிவிடும் ஈபேர்ட் இணையத்தளம் பழைய ஆண்டுகளின் பதிவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. எனவே நூலை விற்பதாக இருந்தால், அதற்கு முன் இந்தக் குறிப்புகளைப் படம் எடுத்துப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பானால் அவற்றை அழித்து ‘சுத்தமான பிரதி’ ஆக்க முயல்வது நூலுக்கும் பறவையியலுக்கும் ஒருங்கே செய்யும் கேடு.

மூன்றாவது: கையொப்பம் அவருடையதுதானா?

சாலிம் அலி 1896 நவம்பர் 12இல் பிறந்து 1987 ஜூன் 20இல் மறைந்தார். முதற்பதிப்பு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தொடும் காலம். அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகள் அவர் இந்த நூலில் கையொப்பமிட்டிருக்கக்கூடும். ஒருவருடைய கையெழுத்து நாற்பது வயதிலும் தொண்ணூறு வயதிலும் ஒன்றாக இருக்காது. ஆகவே ஒப்பிடுவதற்கு, தேதியிட்ட கடிதங்களில் அந்தந்தக் காலத்தைச் சேர்ந்த கையொப்பங்களைத் தேட வேண்டும். இணையத்தில் முதலில் தென்படும் ஒரு மாதிரியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இந்த வேலைக்குக் கட்டாயம் தேவை, விலை அதிகமில்லை. அதன் வழியே கோட்டைப் பாருங்கள். மைக்கோடு சின்னஞ்சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது அச்சடித்த கையொப்பம். முன்னுரையின் கீழே ஆசிரியர் கையொப்பத்தை அச்சிடும் வழக்கம் உண்டு; அதைக் கையால் இட்டது என்று நம்பி விலை கொடுத்தவர்கள் பலர். ரப்பர் முத்திரை என்றால் மை கோட்டின் விளிம்புகளில் திரண்டும் நடுவில் வெளிறியும் காணப்படும், பேனாவின் அழுத்தம் காகிதத்தில் பதிந்திருக்காது. ஊற்றுப்பேனாவால் எழுதியது என்றால் மை காகித நாரில் இறங்கியிருக்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் நிறம் அடர்ந்திருக்கும். மூடிய நிலையில் பல ஆண்டுகள் இருந்த நூலாயின் எதிர்ப்பக்கத்தில் மங்கலான நிழல்கூட விழுந்திருக்கலாம். பார்த்துப் பார்த்து வரைந்த போலிக் கையொப்பத்தில் வேகம் இருக்காது. கோடு நடுங்கும், தேவையற்ற இடங்களில் பேனா நின்று நின்று எழும்பியிருக்கும். முதுமையின் நடுக்கமும் இதைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், தேதியையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

எழுதுகோலின் வரலாறும் நமக்குச் சாட்சி சொல்லும். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கே 1945 அக்டோபரில்தான் வந்தது. நார்முனைப் பேனா பரவியது 1960களில். ‘1941’ என்று தேதியிட்ட அன்பளிப்பு வாசகம் பால்பாயின்டில் எழுதப்பட்டிருந்தால் அது போலி. அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ஆனால் 1941 நூலில் பால்பாயின்ட் கையொப்பம் இருப்பது மட்டும் குற்றமாகாது. 1970களில் ஓர் அன்பர் தம் பழைய பிரதியைக் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கியிருக்கலாம். அது உண்மையான கையொப்பமே. ஆனால் நூல் வெளிவந்த காலத்திலேயே இட்ட கையொப்பத்துக்கு உள்ள மதிப்பு அதற்கு வராது.

கையொப்பம் இருக்கும் தாளையும் சோதியுங்கள். அது நூலோடு சேர்ந்து தைக்கப்பட்ட தாளா, வேறொரு நூலிலிருந்து எடுத்துப் பசையால் செருகியதா, கடிதத்திலிருந்து கத்தரித்து ஒட்டிய துண்டா என்பதைத் தாளின் நிறமும் தடிமனும் பூச்சித் துளைகளும் காட்டிக்கொடுக்கும். முன்பக்கத்துத் தாளிலும் பின்பக்கத்துத் தாளிலும் ஒரே இடத்தில் துளை இருந்து, நடுவிலுள்ள கையொப்பத் தாளில் மட்டும் துளை இல்லாதிருந்தால், அந்தத் தாள் பின்னால் வந்து சேர்ந்தது.

கையொப்பங்களிலும் தரவரிசை உண்டு. தனியாக ஒட்டிய சீட்டில் உள்ள கையொப்பம் கடைநிலை. தலைப்புப் பக்கத்தில் நேரடியாக இட்ட பெயர் அதற்கு மேல். முன்பின் தெரியாத ஒருவர் பெயரைக் குறித்து ‘அன்புடன்’ என்று எழுதியிருந்தால், சில சேகரிப்பாளர்கள் வெறும் கையொப்பத்தைவிடக் குறைவாக மதிப்பார்கள். ஆனால் நாலைந்து சொற்கள் இருப்பதால் கையெழுத்தைச் சரிபார்ப்பது எளிது என்பதை எண்ணி, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதே என் கருத்து. உச்சத்தில் இருப்பது, ஆசிரியரோடு பணியாலோ நட்பாலோ தொடர்புடைய ஒருவருக்கு அவர் கொடுத்த பிரதி. சாலிம் அலியைப் பொறுத்தவரை, பறவைகள் பற்றிய பத்துத் தொகுதிக் கையேட்டை அவரோடு சேர்ந்து எழுதிய டில்லன் ரிப்ளி, பம்பாய்க் கழகத்தின் சக ஊழியர்கள், கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் பணியில் உடனிருந்தவர்கள் ஆகியோருக்கு அளித்த பிரதிகள் இவ்வகையில் சேரும். ஆசிரியர் கையொப்பமே இல்லாமலும் ஒரு பிரதி இந்த உயரத்தை எட்டலாம்: டேராடூன் சிறையில் இருந்த நேரு தம் மகள் இந்திராவுக்கு இந்த நூலை அனுப்பியது பலரும் அறிந்த செய்தி, அத்தகைய ஒரு பிரதிக்குச் சந்தை விலை என்று தனியாக ஒன்றைச் சொல்லவே முடியாது.

ஹாலோகிராம் ஒட்டிய ‘உண்மைச் சான்றிதழ்’ தாளை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வாங்கிய ரசீது, கையொப்பமிட்ட நிகழ்வின் புகைப்படம், நூலுக்குள் இருக்கும் கடிதம், குடும்பத்துக்கு நூல் வந்த வழியை விளக்கும் பெரியவர்களின் எழுத்து மூலமான குறிப்பு ஆகியவையே எடை உள்ள சான்றுகள். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: விலையைத் தேடுதல்

இணையத்தில் ஒரு நூலுக்குக் கேட்கப்படும் விலை விற்பவரின் ஆசை மட்டுமே. பழைய நூல்களை விற்கும் ஏபிபுக்ஸ் போன்ற தளங்களில் ஒரே பிரதி ஆண்டுக்கணக்கில் அதே விலையில் விற்காமல் கிடப்பதைப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது விற்று முடிந்த விலை. ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தேர்ந்தால் அண்மையில் விற்றவற்றின் விலைகள் தெரியும். ரேர் புக் ஹப் போன்ற கட்டணத் தளங்கள் பல ஆண்டுகளின் ஏல முடிவுகளைத் தொகுத்து வைத்துள்ளன. ஏல நிறுவனங்கள் தங்கள் தளங்களிலும் பழைய முடிவுகளை வெளியிடுகின்றன. அவற்றைப் படிக்கும்போது, வெளியிடப்படும் தொகையில் வாங்குபவர் செலுத்தும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களில் அது ஏறக்குறைய கால்பங்கு வரை செல்லும்.

கையொப்பமிட்ட 1941 பிரதிகள் அடிக்கடி விலைக்கு வருவதில்லை. நேரடியான ஒப்பீடு கிடைக்காதபோது நான் பரிந்துரைக்கும் வழி இது. கையொப்பமற்ற முதற்பதிப்பு, உங்கள் பிரதியின் நிலையிலேயே, என்ன விலைக்கு விற்றது என்று முதலில் காணுங்கள். பிறகு சாலிம் அலியின் வேறொரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் வெளியான அவருடைய தன்வரலாறான ‘தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ’ இதற்கு ஏற்றது, ஏனென்றால் அதில் அவர் கையொப்பமிடக் கிடைத்த காலம் இரண்டு ஆண்டுகள் மட்டுமே. அதன் கையொப்பமிட்ட பிரதிக்கும் கையொப்பமற்ற பிரதிக்கும் உள்ள விலை வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டுக்காக மட்டும், கையொப்பமற்ற முதற்பதிப்பு 8,000 ரூபாய்க்கு விற்றதாகவும், தன்வரலாற்றில் அந்த வேறுபாடு 5,000 ரூபாயாகவும் வைத்துக்கொள்வோம். கையொப்பம் பிற்காலத்தில் இட்டதென்றால் உங்கள் பிரதியின் மதிப்பு 13,000 ரூபாயை ஒட்டி இருக்கும் என்று கொள்ளலாம். 1941ஐ ஒட்டிய காலத்தில், அறியப்பட்ட ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததென்றால் அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டிச் செல்வது இயல்பு.

சென்னை திருவல்லிக்கேணி, பெங்களூரு சர்ச் தெரு, மும்பை ஃபுளோரா ஃபவுண்டன், கொல்கத்தா காலேஜ் தெரு ஆகிய இடங்களின் பழைய புத்தக வணிகர்களிடமும் கேளுங்கள். ஆனால் கேட்கும்போதே விற்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வணிகர் கொடுக்க முன்வரும் தொகை பெரும்பாலும் சில்லறை விலையில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். கடை வாடகையையும் விற்காமல் கிடக்கும் காலத்தையும் எண்ணினால் அதில் அநியாயம் இல்லை. ஆகவே ‘மதிப்பு’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த மதிப்பு என்று கேட்க வேண்டும். வணிகர் உங்களுக்குக் கொடுப்பது ஒரு தொகை, ஏலத்தில் கமிஷன் போக உங்கள் கைக்கு வருவது மற்றொரு தொகை, அதே தரத்தில் இன்னொரு பிரதியை நீங்கள் கடையில் வாங்கத் தேவைப்படுவது மூன்றாவது தொகை. காப்பீட்டுக்கு மூன்றாவதையும், சொத்துப் பங்கீட்டுக்கு இரண்டாவதையும் கணக்கில் கொள்வது முறை.

இந்த வேலை நடக்கும் நாட்களில் நூலை அப்படியே விட்டுவிடுங்கள். லேமினேஷன், புதிய பைண்டிங், ஈரத்துணி, பசை எதுவும் வேண்டா. பெட்டிக்குள் அந்துருண்டையை நூலின் மீது படும்படி போடாமல், காற்றோட்டமுள்ள அலமாரியில் வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள்.

வெளிநாட்டில் விற்க எண்ணுபவர்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக நூறு ஆண்டுகளைக் கடந்த பொருள்களும், அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை சார்ந்த மதிப்புடைய கையெழுத்துப் பிரதிகள், ஆவணங்கள் எனில் எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தவையும் அதன் வரையறைக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1941ஆம் ஆண்டின் அச்சு நூல் இன்னும் நூறாண்டை எட்டவில்லை. ஆனால் அதற்குள் மடித்து வைத்த சாலிம் அலியின் அக்காலக் கடிதம் ஒன்று இருந்தால், அது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. உறையில் இட்டு அஞ்சலில் சேர்ப்பதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.